மேசையின் கோடியில் உப்பு

✝
ஜனவரி 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணி எழுதுகிறேன்.

உன் புத்தாண்டுக் கடிதம் வந்தது. தாளின் மூலையில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் சூரியன். மேலே சிலுவை இல்லை. கன்னியர் மடத்து போர்டிங்கில் கணக்கு நோட்டில்கூடச் சிலுவை போடாமல் முதல் வரி எழுதமாட்டோம். மறந்துவிட்டாயா, சூரியனுக்கு இடம் விட்டாயா, தெரியவில்லை. இந்த வயதில் உன்னைத் திருத்தக்கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை.

நீ போகும் தன்னம்பிக்கை வகுப்பின் தாளை உடன் வைத்திருந்தாயே, அதையும் படித்தேன். 'தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லவும்: நான் எனக்குப் போதுமானவள். என்னால் முடியும். என் மகிழ்ச்சி என் கையில்.' தட்டச்சுப் பள்ளி நடத்தியவள் என்ற முறையில், அந்தத் தாளின் இடது ஓரம் நேராக இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்து, எவள் தனக்குத் தானே போதும்? எழுந்ததும் முழங்காலில் நின்று, 'என்னால் ஆகாது, நீர் பார்த்துக்கொள்ளும்' என்று நாளைத் தொடங்கியவர்கள் நாம். அந்த வாயால் இதையும் சொல்ல உனக்குக் கூச்சமாக இல்லையா?

போர்டிங்கில் இருந்த ஒரே கண்ணாடி நினைவிருக்கிறதா? மாடிப்படித் திருப்பத்தில், பெரிய பெண்களின் உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். முக்காடு நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டும். அம்மா இறந்த வருடம், நீ வந்த புதிதில், அதில் உன் முகத்தைப் பார்க்க எம்பி எம்பிக் குதிப்பாய். நெற்றி தெரியும், உடனே காணாமல் போகும். நான் பின்னாலிருந்து தூக்கிப் பிடிப்பேன். "போதுமா?" என்றால், "இன்னும் கொஞ்சம்" என்பாய். இப்போது யாரும் தூக்காமலே பார்த்துக்கொள்கிறாய்.

உன் கண் எப்படி இருக்கிறது? பொடி எழுத்துப் படிக்க முடிகிறதா? விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதுபோல் ஏதாவது உண்டா? எழுது.

உன்னை ஜெபத்தில் நினைக்கும்
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இப்படி எழுதவே வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் 'ஏதோ இருக்கிறேன்' என்றுதான் எழுதுவேன், கவனித்தீர்களா?

உங்கள் கடிதத்தைக் கண்டாலே முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. நீங்கள் தொலைபேசி வைத்துக்கொள்ளாததும் நல்லதுக்குத்தான். எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டியது எனக்கு ஆயுசுக்கும் போதும்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து என்ன வேலை பார்த்தோம் என்று சொல்லவேண்டும். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தேன் தம்பி" என்றேன். பயிற்சியாளர் சின்னப் பையன். கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு கூடத்தை அளந்துகொண்டே இருப்பார். "அப்ப ஆயுசு முழுக்க அடுத்தவங்களுக்கே லைன் போட்டுக் குடுத்திருக்கீங்க. உங்களுக்கு எப்பம்மா போடப்போறீங்க?" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். "வேணும்கிறதை வாய்விட்டுக் கேளுங்க. உங்க மனசைப் படிக்க எதிர்ல இருக்கிறவர் என்ன எக்ஸ்ரே மெஷினா?" கேளுங்கள் என்றுதானே கோயிலிலும் சொல்லிக்கொடுத்தார்கள்? இதில் சண்டை எங்கே வந்தது அக்கா?

இடது ஓரத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். "உங்க அக்காவை ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்" என்றார். "வந்தாங்கன்னா நீங்க பெஞ்சு மேல நிப்பீங்க தம்பி" என்றேன்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மருந்து டப்பாவின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறேன். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. கவலையை விடுங்கள்.

அன்பு மாறாத
சுண்டு


✝
பிப்ரவரி 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் கண் நன்றாக இருப்பதற்கு நன்றி சொன்னேன்.

கடிதம் தட்டச்சில் வருவதைப் பார்த்து முகம் சுளிக்காதே. பழகிய தொழிலை விரல் மறந்துவிடக்கூடாது என்று பழைய இயந்திரத்தின் உறையைக் கழற்றினேன். என் மாணவிகளின் கைகளைத் துணியால் மூடிவிட்டு அடிக்கச் சொல்வேன். விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவேண்டியதில்லை.

'வாய்விட்டுக் கேள்' என்கிறாரா உன் ஆசிரியர்? நம் சாப்பாட்டுக்கூடத்தில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த நீள மேசைக்கு ஒரே உப்புக்கிண்ணம்; அதுவும் மேசையின் கோடியில். தனக்கு உப்பு வேண்டும் என்று எந்தப் பெண்ணும் சொல்லக்கூடாது. பக்கத்தில் இருப்பவளிடம் திரும்பி, 'உனக்கு உப்பு வேண்டுமா?' என்று கேட்கவேண்டும். இவளுக்குத்தான் வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டு கிண்ணத்தை வரவழைத்துத் தரவேண்டும். மந்தமான பெண் பக்கத்தில் வாய்த்தால், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்குச் சப்பென்ற சூப்புதான். மதர் சொல்வார்: "கேட்ட பிறகு கொடுப்பதைக் கடைக்காரரும் செய்வார். கேட்குமுன் பார்க்கிறவள்தான் ஆண்டவரின் மகள்."

மெழுகு போட்ட அந்தத் தரையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தட்டுகளின் சத்தம் அடங்கி, சாப்பாட்டு வேளையில் புனிதர் கதை வாசிப்பவள் தொண்டையைச் செருமுவாளே, அந்த ஒரு கண அமைதியும்.

ஆண்டவர் நம்மைப் பார்ப்பதும் அப்படித்தான் என்று நம்பி வளர்ந்தேன். எனக்கென்று எதையும் கேட்டு நான் முழங்காலில் நின்றதில்லை. உன் அத்தானைக் கேட்காமலே கொடுத்தார். கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

உன் வீட்டு மாடிப்படி எப்படி? கடைசிப் படி எது என்று காலுக்குத் தெரிகிறதா? பொழுது சாய்ந்த பிறகு தனியாக இருப்பது உனக்குச் சிரமமாக இல்லையா?

ஆசிகளுடன்
அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் தட்டச்சு இன்னும் கோடு போட்டதுபோல் இருக்கிறது. பயிற்சியாளருக்குக் காட்டினேன். தன் இடது ஓரத்தை நினைத்துத் தலையைச் சொறிந்தார்.

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது, படிக்கே வேலையில்லை. சாயங்காலம் தனியாக இருப்பதும் பழகிவிட்டது.

உப்பு விதி எனக்கு நினைவே இல்லை அக்கா. என் தட்டின் பக்கத்தில் எப்போதும் உப்பு இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் யோசித்ததில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஓய்வு பெற்றபின் ஒரு வருடம் நான் படுக்கையை விட்டு எழுந்தது சாப்பாட்டுக்கும் பூசைக்கும் மட்டும்தான். கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. எக்ஸ்சேஞ்சின் இரைச்சல்தான் என் குடும்பமாக இருந்திருக்கிறது. அது போனதும் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. பூசையில் பக்கத்தில் உட்கார்பவர்கள் வாரா வாரம் முறைப்படி கைகூப்பி 'சமாதானம்' சொன்னார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்குமுன் பார்க்கும் அந்த மகள்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

கடைசியில் மருந்துக்கடைக்காரியிடம் போய் நின்றேன். "என்னால முடியலைம்மா, தூங்கவைக்க ஏதாவது குடு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாத்திரை தரமாட்டேன். ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க" என்று இந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி முன் நிற்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வருடம் என் முகத்தைப் பார்த்த ஒரே ஆள் நான்தான் அக்கா.

நான் பிழைத்தது வாய்விட்டுக் கேட்டதால்.

அன்புடன்
சுண்டு


✝
மார்ச் 30

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வரவில்லை.

உன் பழைய கடிதங்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தான் வரைபடம் வரையும்போது வைத்திருந்த பூதக்கண்ணாடி இன்னும் இருக்கிறது. எல்லாவற்றிலும் 'ஏதோ இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றிலும் நான் சிவப்பு மையால் பிழை திருத்தியிருக்கிறேன். திருத்தினேன், படிக்கவில்லை.

அதற்குமேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போடக்கூடாது என்கிறார் கண் மருத்துவர். கூடவே ஒருவர் தங்கி வேளாவேளைக்குச் சொட்டுமருந்து விட்டு, குனியாமல் பார்த்துக்கொண்டால்தான் கத்தி வைப்பேன் என்று பிடிவாதம். "வீட்டுல யாருமே இல்லையாம்மா?" என்று கேட்டார். "எனக்கு ஆளா இல்லை?" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏற்பாடு ஆகிவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மே மாதத்தில் உன் வகுப்புக்கு விடுமுறை உண்டா? இரவு ரயிலில் வந்தால் உனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளுமே, அது இப்போது எப்படி இருக்கிறது? முன்னறையில் உனக்குக் காற்று போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணைப் பற்றிப் படித்ததும் திக்கென்றது. பிறகு உங்களை நினைத்துத் தைரியம் வந்தது. அத்தான் போனபோது அடுத்த வாரமே தட்டச்சுப் பள்ளியைத் திறந்தவர் நீங்கள். உங்களால் முடியும்.

முன்பு என்றால் அழுதுகொண்டே ரயில் ஏறியிருப்பேன். வகுப்பில் அதைத்தான் தடுத்தார்கள். கேட்காத உதவியைக் கொண்டுபோய்த் திணித்தால், எதிரில் இருப்பவரைப் பலவீனர் என்று சொல்வதாக ஆகுமாம். நீங்கள் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டீர்கள். அதை மதிக்கிறேன். என் உதவி வேண்டும் என்றால் ஒரு வார்த்தை கேளுங்கள், அது போதும்.

மே மாதம் விடுமுறை இல்லை. பெரிய முகாம் இருக்கிறது. முந்நூறு பேர் முன்னால் மேடையேறி என் கதையைச் சொல்லப்போகிறேன். ஆயுசு முழுக்க என் குரலை எல்லோரும் கேட்டார்கள், யாரும் என்னைப் பார்த்ததில்லை. இதுதான் முதல் தடவை. எனக்காக ஜெபியுங்கள்.

இடுப்பு தேவலை. முன்னறைக் காற்றுக்கு என்ன குறை? நன்றாகத்தான் வரும்.

உங்கள் தைரியத்தை நம்பும்
சுண்டு


✝
ஏப்ரல் 27

சுண்டு,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். விசாரித்தால் மறுபடியும் சுற்றி வளைத்துவிடுவேன்.

இதை இயந்திரத்தில் அடிக்க மனம் வரவில்லை. அதில் அடித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். கையால் எழுதுகிறேன். வரி மேல் வரி ஏறியிருக்கும், பொறுத்துக்கொள்.

போன ஞாயிறு கோயில் வாசலில் பாதருக்கு வணக்கம் சொன்னேன். அவர் திரும்பவே இல்லை. என்ன திமிர் என்று நினைத்து, கொஞ்சம் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன். பின்னாலிருந்து ஒரு பெண், "அது தூணும்மா" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை உதறினேன்.

உள்ளே போய் உட்கார்ந்தபின்தான் உறைத்தது. உன் தாளில் இருந்த வாசகம், நான் எனக்குப் போதுமானவள் என்பது. அதைப் படித்துவிட்டு உன்னைத் திட்டினேன். நான் அதைக் கண்ணாடி இல்லாமலே இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்காக ஆண்டவரிடம்கூட எதையும் கேட்டதில்லை என்பதைப் பக்தி என்று எண்ணியிருந்தேன். கேட்டு இல்லை என்றால் என்ன செய்வது என்ற பயம் அது. அன்றைக்குக் கேட்டேன். வாயில் வரவே நேரமாயிற்று.

இப்போது உன்னைக் கேட்கிறேன். மருத்துவர் தேதி கொடுத்துவிட்டார். எனக்கு ஆள் யாரும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு நீ வேண்டும். வா.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயே தபாலில் போடுவேன். இது முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

நேற்று முகாமுக்கு ஒத்திகை. மதியம் எல்லோரும் வட்டமேசையில் சாப்பிட உட்கார்ந்தோம். சூப்பில் ஒரு கல் உப்பு இல்லை. உப்பு எனக்கு எட்டாத இடத்தில் இருந்தது. எப்படி வந்தது என்றே தெரியவில்லை அக்கா, பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "உங்களுக்கு உப்பு வேணுமா?" என்றேன். "வேண்டாங்க, நான் உப்பைக் குறைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. உங்கள் கடிதங்களில் இருந்த கேள்விகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. உன் கண் எப்படி இருக்கிறது. கடைசிப் படி காலுக்குத் தெரிகிறதா. சாயங்காலம் தனியாக இருக்க முடிகிறதா. மே மாதம் ஓய்வா. ஜனவரியிலிருந்து நீங்கள் என்னிடம் உப்பு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு தடவையும், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் தட்டுக்கு உப்பு எப்படி வந்தது என்றும் அப்போதுதான் புரிந்தது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கேட்கும் பழக்கமே எனக்கு வரவிடவில்லை.

பயிற்சியாளரிடம் போய், "தம்பி, நான் மேடையேறலை, ஊருக்குப் போறேன்" என்றேன். "அவங்க கேட்டாங்களாம்மா?" என்றார். "இல்லை. கேக்கமாட்டாங்க" என்றேன். "அப்ப ஏன் போறீங்க?" என்றார். பாவம், அவருக்கு அக்கா இல்லை போலிருக்கிறது.

நீங்கள் கேட்கவேண்டாம். நான் வருகிறேன்.

சுண்டு


✝
ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். சொட்டுமருந்தை நிறுத்தவேண்டாம். கீழே எது விழுந்தாலும் குனியவேண்டாம்.

கதவைத் திறந்ததும் காலடியில் உங்கள் கடிதம் கிடந்தது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் தாளைவிட்டு வெளியே போயிருந்தன. ஜன்னலோரம் நின்று படித்தேன். பெட்டியைக்கூட உள்ளே எடுத்துவைக்கவில்லை.

அக்கா, நான் உங்கள் வாசலில் வந்து நின்றபோது என்ன சொன்னீர்கள்? "யாரு உன்னை வரச் சொன்னது?" என்றீர்கள். மருத்துவரிடம், "நான் கூப்பிடவே இல்லை டாக்டர், அவளா வந்து உக்காந்துட்டா" என்றீர்கள். மருந்து விடும்போதெல்லாம், "உன் வகுப்பு என்ன ஆச்சு, முகாம் என்ன ஆச்சு, போகவேண்டியதுதானே" என்று விரட்டினீர்கள். அத்தனை நாளும் இந்தக் கடிதம் என் வாசலில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்று நர்ஸ், "யாரும்மா தெரியிறாங்க, சொல்லுங்க?" என்று கேட்டாள். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "என்னடி இவ்வளவு நரைச்சுப்போச்சு உனக்கு" என்றீர்கள். நர்ஸ் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. உங்கள் கை என் தலையை விட்டு இறங்கவே இல்லை.

இந்தக் கடிதத்தின் மேலே பாருங்கள். போட்டிருக்கிறேன். கண்ணாடி முன்னாலும் நிற்கிறேன். இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, இதுவரைக்கும்.

உங்கள்
சுண்டு


✝
ஜூன் 25

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஆண்டவர் தயவிலும் உன் சொட்டுமருந்தாலும் நலம். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சிலுவையைப் பார்த்தேன். கோணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உன் கடிதம் நீ வந்த மறுநாள் வந்தது. பூதக்கண்ணாடி வைத்து நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். நீ கேட்காமலே வந்தவள் என்று தெரிந்தபின், 'நான் கேட்டேன்' என்று எப்படிச் சொல்வது? நீ வந்ததன் அழகு கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அந்தத் தாளை நீ கிழித்துப் போட்டுவிடலாம். வேண்டாம், வைத்துக்கொள். என் வாழ்நாளில் இடது ஓரம் இல்லாமல் நான் எழுதிய கடிதம் அது ஒன்றுதான்.

நேற்றுக் காலை, நீ சொல்வாயே என்று, அலமாரிக் கண்ணாடி முன் போய் நின்றேன். இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். இவ்வளவு சுருக்கமா? அம்மாவின் வாய் என் முகத்தில் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? 'நான் எனக்குப் போதுமானவள்' என்று சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். சொல்ல வரவில்லை. 'நன்றி' என்றேன். யாருக்கு என்று கண்ணாடி கேட்கவில்லை.

முகாமில் உன் இடத்தில் வேறு யாரோ பேசியிருப்பார்கள். அடுத்த முகாமில் நீ மேடையேறவேண்டும். பேச்சை முதலில் எனக்கு அனுப்பு. முதலில் படிப்பேன், பிறகுதான் திருத்துவேன்.

வலது கண்ணுக்கு நவம்பரில் தேதி. உனக்கு அப்போது வகுப்பு இருக்குமா, ரயிலில் கூட்டமாக இருக்குமா என்று எழுதத்தான் கை போயிற்று. நிறுத்திவிட்டேன். நவம்பரில் வா. எனக்கு நீ வேண்டும்.

உனக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் நீ கேட்கவேண்டாம். எனக்கு இப்போது கண் தெரிகிறது.

அக்கா